பூட்டி வைத்த செருப்புகள்

1

இந்தக் கதை பவுடர் வாசனையிலிருந்து பிறந்தது. பள்ளி விட்டு வரும்போது எதிர்வீட்டு மாடியக்கா கடைசிப் படியில் நின்று கூப்பிடுவாள். என் கன்னத்தில் பவுடர் பூசிவிடுவாள். அங்கே நடந்த தொழில் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அந்த வாசனைமேல் இருந்த ஏக்கம் போகவில்லை. அதனால் இப்படித் தொடங்கினேன்:

"மாலை மங்கியதும் ஜன்னலோரம் விளக்கேற்றி, வராத ஒருவனுக்காக அவள்…"

(இந்தத் தொடக்கம் நிலைக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.)

2

அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். தேடிப்போய் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வராதவனுக்காகவா? வந்தவன் எப்பக் கிளம்புவான்னுதான்டி கிடந்தேன்! ஜன்னலுக்குப் பலகை அடிச்சிருந்துச்சு. விளக்காம், விளக்கு!"

"படிக்கட்டுக்குக் கீழ கம்பிவலை அலமாரியில கலர் கலரா செருப்பு இருக்குமேக்கா, அழகா…"

சிரிப்பு நின்றது.

"எங்க செருப்புதான். வீட்டுக்காரி பூட்டி வச்சிருப்பா. வெறுங்காலோட ஓடுனா தெருவே காட்டிக் குடுத்துடும்ல."

(பெரியவளானதும் அப்படியோர் அலமாரி வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்.)

3

பலகை, பூட்டு, காய்ச்சலென்றாலும் விடாத ஆட்கள். எல்லாவற்றையும் எழுதி மறுபடி வாசித்தேன். அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"மருமக கதைன்னா விடமாட்டா. 'வாசல்ல இறங்கக்கூட செருப்பா அத்தை, மகாராணிதான்'னு நேத்துகூட கேலி பண்ணா. இதைப் படிச்சா அந்தச் செருப்பையும் என்னையும் முடிச்சுப் போட்டுடுவாடி. அந்த விளக்குக்காரியையே போடு."

"அது பொய்யாச்சேக்கா."

"பொய்தான். அதுக்குள்ள நான் ஒளிஞ்சுக்கறேன். அவளைப் பார்த்து நான்தான்னு எவன் சொல்லுவான்?"

4

முடிவு ஒன்று: பொய்யை அச்சுக்குக் கொடுக்கிறேன். அக்கா நிம்மதியாக இருக்கிறாள். யாரோ ஒரு வாசகர் அந்த ஜன்னலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்.

முடிவு இரண்டு: மருமகள் படித்துவிட்டு, நேராக அக்காவிடம் போய்

(இதை முடிக்க எனக்கு உரிமையில்லை.)

இரண்டும் வேண்டாமென்று நாங்கள் இருவருமாக உட்கார்ந்து மாற்றியதுதான் நீங்கள் படிப்பது. செருப்பு செருப்பல்ல. மகன் வீடு மகன் வீடல்ல. எது எதுவாக மாறியது என்று கேட்காதீர்கள். பூட்டு மட்டும் உண்மை.

இத்தனைக்குப் பிறகும் கண்டுபிடித்துவிட்டாயென்றால், அக்கா வீட்டுப் பெண்ணே, மீதிக் கதை உன்னுடையது. கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையிலிருந்து அவள் உன்னைக் கூப்பிடுவாள். எப்போதும் போல "இதோ வரேன்" என்பாயா?