மேடம் வரைந்த வீடு

அம்மா இறந்த பிறகும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவளைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்த பழக்கம். இனி எழுந்து என்ன செய்வது? கோடு போடாத நோட்டு ஒன்றும் பால்பாயிண்ட் பேனாவும் வாங்கினேன். மீன்சுருட்டியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிற ரோட்டில் சைக்கிளை மிதித்துப் போய் தினம் ஒரு படம் வரைந்தேன். அடிபம்பு, பஸ் ஸ்டாப், வைக்கோல் போர். கோயிலை மட்டும் தொடவில்லை. அதை வரைய எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள், நான் வேறு எதற்கு?

எனக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்க என் வாயிலிருந்து வருவது "பை வேணுங்களா?" மட்டும்தான். திருப்பூரில் இருக்கும் தம்பி தீபாவளிக்கு போன் செய்வான்.

ஒருநாள் ரோட்டை ஒட்டியிருந்த ஓட்டு வீடு ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், டீ டம்ளரோடு வேகமாக வந்தாள்.

"உக்காருங்க மேடம். எவ்வளவு நேரமா நிக்கிறீங்க."

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வூட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுக்குங்க மேடம். ரோட்டுல மாட்டாத மாதிரி."

அப்போதுதான் புரிந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று மூன்று மாதமாகப் பேச்சு. காலங்காத்தாலே வந்து வீட்டை நோட்டில் ஏற்றுகிறவள் சர்வே ஆபீஸ் ஆளாக இல்லாமல் வேறு யாராக இருப்பாள்?

இல்லைங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வரைந்தேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். அமிர்தவல்லி என்பது அவள் பெயர், புருஷன் அய்யாக்கண்ணு. மகளின் பிரசவம், முந்திரிப் பூ கருகியது, நாத்தனாரின் வாய், எல்லாம் சொன்னாள். என் பேரை மட்டும் கேட்கவில்லை. மேடத்துக்கு எதற்குப் பேர்? ஒவ்வொரு படத்திலும் வீடு இன்னும் கொஞ்சம் பின்னால் போய், ஒரு மாதத்தில் முந்திரித் தோப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவள்தான் நான். ஆனால் அந்த ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

போன புதன்கிழமை அய்யாக்கண்ணு கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. வீட்டின் முன்பாதி ரோட்டுக்குப் போகிறதாம். ஆட்சேபனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுக்க வேண்டும்.

"இவரு மனு எழுதணும்னு குதிக்கிறாரு. பேசாம இருங்க, எல்லாம் மேடம் பாத்துக்குவாங்கன்னுட்டேன்" என்றாள் அமிர்தவல்லி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் டீயும் பேச்சும் கிடைக்கும். அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"அக்கா, நான் சர்வே ஆபீஸ் இல்லைங்க. ஜவுளிக்கடையில பில் போடுறேன். பேரு ஜெயசித்ரா. இதெல்லாம் சும்மா வரையுறது. இன்னைக்கே மனுவைக் குடுத்துடுங்க."

"பட்டாவை எடு" என்று மட்டும் பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு வண்டியைத் திருப்பப் போனார். அவள் நகரவில்லை.

"அப்ப எதுக்கு தினம் வந்தே?"

மேடமும் போய் மரியாதையும் போய்விட்டது.

"பேசத்தான்க்கா. வூட்ல யாருமில்ல." அழுகை வந்துவிட்டது.

"பேசணும்னா வந்து பேச வேண்டியதுதானே? ஆளில்லாதவ ஒருத்தி வாசல்ல வந்து உக்காந்தா வெரட்டியா வுடுவேன்? ஒரு வா டீ குடுக்க மாட்டேனா?"

எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களைக் கொட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. கூட வந்து தேடட்டுமா என்று கேட்க நினைத்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.