வீடு வரை கொண்டுபோய் விடுகிறேன்

மூன்று மாதமாக என் அழைப்புக் கடிதங்களுக்கு ஒருவரும் பதில் போடவில்லை. விருந்தினர் இல்லாமல் என்ன பாட்காஸ்ட், மண்ணாங்கட்டி! சிம்பாங் ரெங்கத்தில் கடைவீட்டு மாடியில் அறை எடுத்து, மைக் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, நானும் ஒலிப்பதிவு செய்யும் ரூபேந்திரனும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாருக்கும் ஒரே லெட்டர அனுப்புனா யாரு வருவாங்க, அக்கா? அவங்களுக்குன்னே எழுதுங்க லா," என்றான்.

வீம்புக்கு எழுதினேன். பெக்கோக் ஊர்க்காரர் செல்லப்பன், முப்பது வருடம் சவ வண்டி ஓட்டியவர். பெரியவர் வரத் தயங்கக்கூடாதே என்று அதே பழைய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'எத்தனையோ பேரைக் கடைசிவரை கொண்டுபோய் விட்டவர் நீங்கள். உங்களை நானே வீடு வரை கொண்டுபோய் விடுகிறேன். சத்தியம்.' எனக்கே புல்லரித்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஒரே நிமிடத்தில் பதில். 'ஞாயிறு மூணு மணி. சொன்ன சொல்லு மாறக்கூடாது.' குதித்தேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். ஒரு மணி நேரம் பேசினார். "என் வண்டியில பின்னாடி ஏறுனவங்க யாரும் வழி கேட்டதில்லம்மா," என்றபோது விழுந்து விழுந்து சிரித்தேன். காப்பியை மட்டும் அவர் தொடவே இல்லை.

ரூபேந்திரன் என் தோளைத் தொட்டுத் திரையைக் காட்டினான். என் குரலின் கோடு ஏறி இறங்கியிருந்தது. அவருடையது எதுவும் பதியாமல் நேராகக் கிடந்தது.

அந்நேரம் அவர் நம்பரிலிருந்தே செய்தி வந்தது. 'நான் அவர் மக மலர். அப்பா போன மாசமே தவறிட்டாங்க. அவங்க ஃபோன இன்னிக்குத்தான் திறந்தேன். உங்க அழைப்ப இப்பதான் பார்க்குறேன்.'

அவர் போட்ட பதிலைத் தேடினேன். என் கடிதத்துக்குக் கீழே மலரின் செய்தி மட்டுமே இருந்தது. ஐயோ!

அவர் எழுந்து நின்றார். மேசைமேல் வைத்திருந்த என் கார் சாவி அவர் கையில் இருந்தது.

"நேரமாச்சும்மா. கொண்டுபோய் விடுங்க."

"ஐயா... அது சும்மா மரியாதைக்கு எழுதுனது."

"லெட்டர்ல எனக்குன்னே எழுதுனது அது ஒண்ணுதாம்மா."

ரூபேந்திரனைப் பார்த்தேன். பாவி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று தலையை ஆட்டினான். என் கால்கள் என்னைக் கேட்காமலே படியிறங்கின.

கீழே அவர் என் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"எனக்கு வழி தெரியாதுங்க, ஐயா," என்று அழுதேன்.

"எனக்குத் தெரியும். ஏறுங்க."