சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

1

இந்தக் கதை என் மனைவி ஜலஜாவுடையது. நான் கேட்டு எழுதுபவன், அவ்வளவுதான். நாங்கள் டெல்லியில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அவள் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.) போன வருஷம், எண்பத்தைந்தில், பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு தெரிந்தவளுக்கு இதுவும் வரும் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன். சாம்பார் தீய்ந்துபோனது தனிக் கதை.

2

முதல் தொடக்கம்: "இருபத்தோராம் நூற்றாண்டு, 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்ற பலகையோடு அந்தக் கம்ப்யூட்டர் அறையில்..."

அடித்துவிட்டேன். வெறும் பீற்றல்.

இரண்டாவது: பொன்னி பத்தாவது படிக்கிறாள். அம்மா பவுனுவுக்குக் கட்டட வேலை, வீடு ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில். பள்ளியின் கால அட்டவணையைப் பொன்னி கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். வகுப்பின் எண்ணை அழுத்தினால் எந்த பீரியட், எந்த டீச்சர் என்று திரையில் வரும். அதைப் பார்க்க மினிஸ்ட்ரியிலிருந்து அதிகாரி வரப்போகிறார். அவருக்குப் பிடித்தால் பொன்னிக்கு மேற்கொண்டு பயிற்சி, படிப்புக்கு உதவி. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் வீட்டு வேலை. பவுனு ஏற்கெனவே ஒரு வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சரஸ்வதி பூஜை வந்தது. நம்மவர்கள் டெல்லிக்கு வந்தால் மட்டும் பொட்டு வைப்பதை விட்டுவிடுவார்களா? குளோப், தராசு, ஹார்மோனியம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு மாலை. ஃப்ளாப்பிக்கும் பொட்டு.

ஃப்ளாப்பி என்பது கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. செய்த வேலையெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். உறையில் ஒரு திறப்பு உண்டு. கம்ப்யூட்டர் அதன் வழியாகத்தான் படிக்கும். விரலே படக்கூடாத அந்த இடம், பொட்டு வைக்கத் தோதாக நெற்றி மாதிரி இருந்தது.

(பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அதுவும் அதே பூஜைத் தாம்பாளத்தில், அதே பொட்டோடு இருந்தது.)

பொட்டு வைத்தது யார்? பியூன் கலியமூர்த்தி என்று எழுதினேன். ஜலஜா படித்துவிட்டுத் தாளை மேசைமேல் போட்டாள்.

"ஏன்னா, வெச்சது நான்னு சொன்னேனே. அவர் பாவம், அன்னிக்கு லீவு."

"உன்னை ஏன் மாட்டிவிடணும்னு பார்த்தேன்."

"ட்ரெயினிங் போனவ நான். அந்த எடத்தைத் தொடாதீங்கோன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். பூஜைன்னதும் கை தானாப் போயிடுத்து. அப்படியே எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

4

அதிகாரி வந்தார். ஃப்ளாப்பியைப் போட்டதும் கரகரவென்று சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. பிரதியும் அப்படியே. தவறு தன்னுடையது என்று ஜலஜா எல்லார் முன்னாலும் சொன்னாள். அதற்குள் பொன்னி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு டீச்சர். திரும்ப அடிச்சிடறேன்."

முடிவு அ: அவள் அடித்து முடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. (டெல்லியில் யாரும் நம்புவார்கள். ஆனால் உங்களை அழவைக்கக் கரண்ட்டைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.)

முடிவு ஆ: முழுவதையும் அடித்து முடிக்கிறாள். அதிகாரி கைதட்டுகிறார். பவுனு கண்களைத் துடைத்துக்கொண்டு

"ரெண்டும் நடக்கலை," என்றாள் ஜலஜா.

5

நடந்தது இதுதான். அரை மணியில் பத்தாம் வகுப்பு மட்டும் முடிந்தது. அதிகாரி பத்தை அழுத்தினார். திங்கட்கிழமை, முதல் பீரியட், கணக்கு, ஜலஜா என்று வந்தது. ஒன்பதை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மற்றதெல்லாம் எங்கே என்று இந்தியில் கேட்டார்.

"ஆ ஜாயேகா சர். தோடா டைம் தீஜியே," என்றாள் பொன்னி. வந்துவிடும், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, விரல்கள் நிற்கவில்லை.

அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த பவுனு, கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"முடிஞ்சுதா டீச்சர்? இட்டுக்கினு போவட்டா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். வெளியே கார் காத்திருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று ஜலஜாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எழுதப்போவதில்லை. அந்தக் கடிகாரத்தை உங்கள் கையில் கட்டிவிடுகிறேன். பொன்னி ஒன்பதாம் வகுப்பின் செவ்வாய்க்கிழமையை அடித்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை வரை உட்கார்ந்திருப்பீர்களா, எழுந்துவிடுவீர்களா?