அழகம்மாவின் கல்வெட்டில் ஒரு கொலை

மார்கிறட் தன் நாவலை எழுதி முடிக்க ஆறு வருடம் பிடித்தது. அதை வெளியிட வழி தேடியதில் இன்னும் இரண்டு வருடம் போனது. எழுதியது பெரிய வேலை இல்லை என்று அந்த இரண்டு வருடத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

அவள் முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவர் சங்கத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் லிகிதராக இருந்தாள். கணவன் யாகப்பு கடலுக்குப் போகிறவன். அவளுடைய கதையில் ஒரு கரைவலை முதலாளி, ஊர்ப்பேச்சில் சம்மாட்டி, தன் சொந்த ஐஸ் பெட்டிக்குள், பாரை மீன்களுக்கு நடுவே பிணமாகக் கிடக்கிறார். ஊரில் அவரைக் கொல்ல விரும்பாதவர்கள் யாருமில்லை. ஓய்வுபெற்ற தபால்காரி ஒருத்தி வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துக் குடித்தே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள். கதை முழுக்கச் சிரிப்பு. எழுதும்போது மார்கிறட் தானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள்.

முதலில் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். நாலு மாதம் கழித்து ஒருவர் வாட்ஸப்பில் அழைத்தார்.

“மேடம், நாவல் பிரமாதமா ஓடுது. நீங்க முல்லைத்தீவு தானே?”

“ஓம்.”

“அதான் கேக்கறேன். இதுல போர் எங்க மேடம்?”

“இது கொலைக் கதை.”

“கொலை இருக்கட்டும். அந்த ஐஸ் பெட்டிய எடுத்துட்டு ஒரு பதுங்கு குழி வைக்கலாமே? வருஷத்த மட்டும் ரெண்டாயிரத்தொன்பதுன்னு மாத்திட்டாப் போதும். ஜனவரி புத்தகக் காட்சிக்கே கொண்டுவந்துடலாம்.”

மார்கிறட் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த வருடம் அவள் அந்தக் கடற்கரையில்தான் இருந்தாள். அவளுடைய தம்பி றொசானை அங்கேதான் விட்டுவிட்டு வந்தாள். அதைப் பற்றிச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. புத்தகக் காட்சிக்கு நேரமாகிறது என்பதற்காக அதைச் சொல்ல அவளுக்கு மனமில்லை. அந்த இலக்கத்துக்கு அவள் திரும்ப அழைக்கவில்லை.

அடுத்ததாக யாழ்ப்பாணத்தில் ஒரு விமர்சகரிடம் போனாள். அவர் சொன்னால் பதிப்பாளர்கள் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துப்பறியும் கதை இலக்கியமே அல்ல என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஆனாலும் பிள்ளை இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டாளே என்று ஒரு அணிந்துரை எழுதித் தந்தார். துப்பறியும் கதை ஏன் இலக்கியமல்ல என்பதை அதில் நாற்பத்தொரு பக்கத்தில் விளக்கியிருந்தார். சம்மாட்டியைக் கொன்றது யார் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது.

பிறகு இணையத்தில் எழுதியவர்கள் தாமாகவே புத்தகம் ஏற்றும் ஒரு தளத்தில், கொப்பிப் பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் ஐந்து முறை திறந்திருந்தார்கள். அதில் மூன்று முறை திறந்தது அவள். ஒருவர் “சூப்பர் சிஸ்டர்” என்று எழுதி, கீழே தன் கவிதைத் தொகுப்புக்கு விளம்பரம் போட்டிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். சொந்தச் செலவில் அச்சடிப்பது. சங்கத்துக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் அடித்துக் கொடுக்கும் நவ்பர் வவுனியாவில் அச்சகம் வைத்திருந்தார். மார்கிறட் கையெழுத்துக் கொப்பிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனாள்.

நவ்பர் பொறுமையான மனிதர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி எல்லோரும் அவரை நானா என்பார்கள். கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, “எழுத்து வடிவாயிருக்கு” என்றார். பிறகு எழும்பி, “தங்கச்சி, ஒருக்கா பின்னால வாங்கோ” என்று அச்சகத்தின் பின் அறைக்குக் கூட்டிப்போனார்.

அறையில் பொதி பொதியாகப் புத்தகங்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் வெற்றுக் கடதாசிக் கட்டுகள் இருந்தன. கீழே ஈரம் ஊறுமாம். அதனால் வெற்றுக் கடதாசியைப் பாதுகாக்க, அச்சடித்ததை அடியில் வைத்திருந்தார்.

“இது நாலு பேற்ற கவிதை, இது ஒரு டொக்டர்ட சுயசரிதம், இது ஓய்வுபெற்ற அதிபர் ஒருத்தர்ட நாடகம். எல்லாம் முந்நூறு முந்நூறு அடிச்சது. வெளியீட்டு விழாவுக்கு நூறு கொண்டு போவினம். அறுவதைத் திருப்பிக் கொண்டுவருவினம். பிறகு வீட்டில மனிசி பேசுதாம் எண்டு எல்லாத்தையும் இஞ்ச கொண்டுவந்து வைப்பினம். அச்சடிக்கிறது லேசு தங்கச்சி. அடிச்சதை ஆர் வாசிக்கிறது?”

“அப்ப ஆராவது வாசிக்கிற புத்தகம் நீங்கள் அடிக்கிறதே இல்லையோ, நானா?”

நவ்பர் சிரித்தார். “அடிக்கிறன். கல்வெட்டு.”

வன்னியில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் அவர் சொன்னார். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். “ஐந்நூறு அடிச்சா ஐந்நூறும் போயிடும். வம்சாவளியில தன்ர பேர் இருக்கோ எண்டு ஒவ்வொருத்தரும் தேடி வாசிப்பினம். பேர் விட்டுப்போச்செண்டு எனக்கு எத்தினை பேர் கோல் எடுத்து ஏசியிருக்கினம்! கவிதைப் புத்தகத்தில பக்கம் மாறினாக்கூட ஒருத்தரும் கேட்டதில்லை.”

அவர்கள் முன் அறைக்கு வந்தபோது அங்கே ஒரு பெண் காத்திருந்தாள். பெயர் ராஜினி. நோர்வேயிலிருந்து வந்திருந்தாள். ஓமந்தையில் இருந்த அவளுடைய தாய் அழகம்மா இறந்து ஒரு கிழமை. கல்வெட்டு அடிக்கக் கொடுக்க வந்தவள், மாதிரிக்கு நவ்பர் காட்டியவற்றைப் புரட்டிப் புரட்டி முகத்தைச் சுளித்தாள்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு அண்ணை. அம்மாவுக்குத் தேவாரம் ஒண்டும் பெரிசாத் தெரியாது. அவா வாசிச்சதெல்லாம் கொலைக் கதை. லைபிரரியில இருந்ததை எல்லாம் முடிச்சிட்டு, திரும்ப முதல்ல இருந்து வாசிச்சவா. ஆஸ்பத்திரியில கடைசியா என்னட்டக் கேட்டதும் புதுசா ஏதும் இருக்கோ எண்டுதான். நான் வரேக்க சொக்லேட்தான் கொண்டு வந்தனான்.”

நவ்பர் மார்கிறட்டைப் பார்த்தார். மார்கிறட் பையைப் பார்த்தாள்.

ராஜினி அங்கேயே கிடந்த வாங்கில் அமர்ந்து முதல் கொப்பியை வாசிக்கத் தொடங்கினாள். நவ்பர் தேத்தண்ணி எடுப்பித்தார். அது ஆறியது. மூன்றாம் அத்தியாயத்தில் தபால்காரி, சம்மாட்டியின் மூன்று மருமக்களிடமும் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கும் இடத்தில் ராஜினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு கொப்பியை மூடினாள்.

“அக்கா, இதை அம்மாட கல்வெட்டில போடத் தருவீங்களோ? முழுசா. செலவு என்ர. உங்கட பேர் உள்ளுக்கை வரும்.”

“அட்டையில?”

“அட்டையில அம்மாட படம்தானே வரவேணும்.”

எட்டு வருடமாக மார்கிறட் தன் பெயர் அட்டையில் எப்படி இருக்கும் என்று யோசித்து வைத்திருந்தாள். எழுத்தின் நிறம்கூட முடிவாகியிருந்தது. அவள் பின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “சரி, போடுங்கோ” என்றாள்.

வீட்டில் யாகப்புவுக்கு இது பிடிக்கவில்லை. “சைவக்காறற்ற செத்தவீட்டுப் புத்தகத்தில வேதக்காறி எழுதின கொலைக் கதையோ? உனக்கு வேற வழி கிடைக்கேல்லையோ?”

“இல்லை. கிடைக்கேல்லை” என்றாள் மார்கிறட். அது பொய்யில்லாததால் யாகப்பு வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான்.

ஓமந்தையிலும் எதிர்ப்பு வந்தது. ராஜினியின் பெரியப்பா அச்சகத்துக்கே வந்து நின்றார். “பிள்ளை, உனக்கென்ன விசரோ? கல்வெட்டுக்குள்ள ஆரும் பிணத்தைப் போடுவினமோ?”

“கல்வெட்டுக்குள்ள வேற என்னத்தைப் போடுறது பெரியப்பா?” என்றாள் ராஜினி.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முதலில் சிவபுராணம் வரும். அடுத்து வம்சாவளி. அதற்குப் பிறகு பிணம். பெரியப்பாவின் பெயரை வம்சாவளியில் கொஞ்சம் தடித்த எழுத்தில் போடுவதாக நவ்பர் இரகசியமாக ஒப்புக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் மார்கிறட்டும் போனாள். பந்தலுக்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். அவளை அங்கே ராஜினியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முதல் பந்தி முடிந்து கை கழுவி வந்தவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். சனம் வழக்கப்படி படத்தைப் பார்த்தது, வம்சாவளியில் தன் பெயரைத் தேடியது, பெயர் இருந்தவர்கள் ஆறுதலடைந்தார்கள், இல்லாதவர்கள் ராஜினியைத் தேடினார்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம் திருப்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பந்தல் அமைதியானது. செத்தவீட்டு அமைதி இல்லை அது. இரண்டாம் பந்திக்கு வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டும் ஆட்கள் எழும்பவில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியை மேசையில் வைத்துவிட்டு, நின்ற நிலையில் நாலாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா வீட்டின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்து வாசிப்பதை மார்கிறட் கண்டாள்.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளுடைய வரிகளை வாசிக்கிறார்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று அவளால் பார்க்க முடிந்தது. ஒரு இடத்தில் சிரிக்கவேயில்லை. அந்த இடத்தைத் திருத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

பக்கத்தில் இருந்த பெண் புத்தகத்தை மடியில் வைத்துப் பெருமூச்சு விட்டாள். அழகம்மாவின் அயலவளான கமலாட்சி அவள்.

“பாத்தியளே, அழகம்மாக்கா எவ்வளவு கெட்டிக்காரி! எங்கள் ஒருத்தருக்கும் மூச்சு விடாமல் இப்பிடி ஒரு கதை எழுதி வச்சிருக்கிறா.”

“இது அவா எழுதேல்லை” என்றாள் மார்கிறட்.

“பின்ன ஆர்? அட்டையில அவாட படம்தானே கிடக்கு. இப்பிடி வாய்க்கொழுப்புக் கதை அவாவைத் தவிர ஆருக்கு வரும்?” கமலாட்சியின் கண் கலங்கியிருந்தது. “நான் அவாவோட நாப்பது வருசம் பழகினனான். எனக்கெல்லோ தெரியும்.”

முன் வரிசையிலும் அதே பேச்சு ஓடியது. ஒருவர் தன் தம்பிக்கு ஃபோன் எடுத்து, அழகம்மா மாமி எழுத்தாளராம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மார்கிறட்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது. ராஜினியும் கேட்டுவிட்டு அவசரமாக வந்து குனிந்தாள்.

“அக்கா, நான் மைக்கில சொல்லட்டோ?”

மார்கிறட் பந்தலைப் பார்த்தாள். கமலாட்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

“இண்டைக்கு வேண்டாம். அவாட நாள்” என்றாள். சொன்ன பிறகு கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. பஸ் மாங்குளத்தில் திரும்பும்வரை இருந்தது.

உண்மை மெதுவாகத் தெரிய வந்தது. வாசித்து முடித்தவர்கள் திரும்ப முதலில் இருந்து வாசித்தபோது ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த பெயரைக் கண்டார்கள். புத்தகம் கிளிநொச்சிக்குப் போனது, மன்னாருக்குப் போனது. செத்தவரின் படம் போட்ட புத்தகத்தை ஒருவரும் பழைய பேப்பர்காரனுக்குப் போடமாட்டார்கள், சுண்டல் சுத்தக் கொடுக்கமாட்டார்கள். சாமிப்பட அறையில் வைத்தார்கள். கேட்டவர்களுக்கு இரவல் கொடுத்து, கட்டாயம் திருப்பித் தரவேணும், புண்ணியத்துக்குத் தந்தது என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பதிப்பகமும் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து தந்திருக்காது.

சங்கத்துக்கு ஒரு நாள் நிஜமான சம்மாட்டி ஒருவரே வந்தார். “பிள்ளை, உள்ளதைச் சொல்லு. ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிறது நான்தானே?”

“சத்தியமா இல்லை ஐயா.”

“பின்ன ஆர்? என்னைவிடப் பெரிய சம்மாட்டி இந்தக் கரையில ஆர் இருக்கிறான்?” என்று அவர் மனத்தாங்கலோடு போனார்.

அதற்கடுத்த மாதம் ஓர் ஓட்டோ அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. செபமாலை ஓவசியர் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். வீதித் திணைக்களத்தில் முப்பது வருடம் தார் ஊற்றிவித்த மனிதர். எழுபத்தொன்பது வயது.

“நீதானே ஐஸ் பெட்டிக் கதை எழுதின பிள்ளை? எனக்கு நெஞ்சில மூண்டு அடைப்பாம். டொக்டர் கிறிஸ்மஸ் வரைக்கும்தான் சொல்லுறார். என்ர நினைவு மலருக்கு அந்தத் தபால்காரியின்ர அடுத்த கதை வேணும். வேற ஆருக்கும் குடுத்திடாதை.”

மார்கிறட் திகைத்துப் போனாள். “ஐயா, நான் இன்னும் தொடங்கவே இல்லை.”

“அப்ப கெதியாத் தொடங்கு. ஆனா ஒரு கொண்டிசன். எழுத எழுத எனக்குக் கொண்டுவந்து காட்டவேணும். நான் போனாப் பிறகு மற்றவை வாசிச்சு எனக்கென்ன பிரயோசனம்?”

அன்றைக்கே தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓர் அத்தியாயத்தைக் கொண்டுபோவாள். ஓவசியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசிப்பார். வீதி எந்தப் பக்கம் திரும்புகிறது, மதகு எங்கே இருக்கிறது என்று திருத்துவார். மூன்றாம் கிழமையே கொலைகாரனைச் சரியாகச் சொல்லிவிட்டார். அவள் பேசாமல் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். அவர் திரும்பவும் பிடித்தார். அவள் திரும்பவும் மாற்றினாள். இதற்குள் கிறிஸ்மஸ் வந்து போனது, தவக்காலமும் வந்தது. ஓவசியருக்குத் தடி தேவைப்படவில்லை. கிளினிக்கில் டொக்டர் இரண்டு குளிசையைக் குறைத்துவிட்டதாக அவரே பெருமையாகச் சொன்னார்.

ஒரு நாள் நவ்பர் அழைத்தார். “தங்கச்சி, இரண்டாவது புத்தகம் எப்ப வருது? கடதாசி விலை ஏறமுதல் எடுத்து வைப்பம் எண்டு பாக்கிறன். ஆக்கள் கேக்கினம்.”

மார்கிறட் ஃபோனைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். அன்று காலைதான் மாதா சுருவத்துக்கு முன்னால் ஓவசியரின் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள்.

“அவர் நல்லாயிருக்கிறார், நானா.”

அந்தப் பக்கம் நவ்பர் கணக்குக் கொப்பியை மூடும் சத்தம் கேட்டது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் நவ்பர். “அப்ப வாற வருசம் பாப்பம்.”