நயினாரின் குரல்வளை

1

கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் ஃபிளாட்டின் லிஃப்ட் பாதியில் நின்றுபோகாவிட்டால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது. உள்ளே நானும் எதிர்வீட்டு டாக்டர் நாச்சியாரும் மட்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருபவர். பொழுது போகட்டுமென்று பேச ஆரம்பித்தவர், லிஃப்ட் கிளம்பிய பிறகும் நிறுத்தவில்லை. (கதைக்குள் அவரை ‘அவள்’ என்றுதான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்வாராக.)

2

‘புற்றுநோயில் அப்பா இறந்த அன்றே நாச்சியார் ஒரு முடிவு...’

அடித்துவிட்டேன். அப்பா நாகர்கோவிலில் சுகமாக இருக்கிறார். அவள் ஆசைப்பட்டது கண் மருத்துவம். வாங்கிய ரேங்குக்குக் கிடைத்தது இது. ஒரு கதாநாயகிக்கு இவ்வளவு போதுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

3

சாலை என்ற கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நயினார், குரல் கம்மிப்போய் அவளிடம் வந்தார். குரல்வளையில் கட்டி. அறுத்தெடுத்தால் பேச்சு போய்விடும். கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தால் குரல் மிஞ்சலாம். நோய் திரும்பியும் வரலாம்.

“உங்க தொண்டைன்னா நீங்க என்ன செய்வீங்க, டாக்டரே?”

“கதிர்வீச்சுதான்.”

கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்று இப்போது நினைக்கிறாள்.

குரல் மீண்டது. மகள் ஸ்ரீலட்சுமியின் கல்யாணப் பந்தியில் நின்று, “அவியலு இங்க வரட்டும்டே!” என்று சத்தம் போட்டாராம். அடுத்த மழைக்காலத்தில் கட்டியும் மீண்டது. இனி அறுவைதான்.

4

மனைவி சிவகாமியம்மாள் கேட்டார்: “அன்னைக்கே அறுத்திருந்தா இது திரும்ப வந்திருக்காதுல்லா?”

நாச்சியாருக்காக நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்று புள்ளிவிவரம். ஒன்று மன்னிப்பு. இன்னொன்று, ‘கல்யாணத்திலே அவர் வாய்விட்டுப் பேசினாரே, அதை...’ (கூசியது, விட்டுவிட்டேன்.) அவள் சொன்னது இதுதான்:

“தெரியல்லம்மா. சத்தியமாட்டு எனக்குத் தெரியல்ல.”

“டாக்டருக்கே தெரியல்லேன்னா, பின்ன யாருக்குத் தெரியும்?”

நயினார் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். அடக்கினாரா, ஆமோதித்தாரா? நாச்சியாருக்குப் புரியவில்லை. எனக்கும்.

5

அறுவை அன்று காலை, தனக்கு வேலையில்லாத அந்த வார்டுக்கு அவள் ஏன் போனாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரை நகர்த்தும்போது நயினார் மனைவியைப் பார்த்து, “வெளிய நல்ல மழை. காப்பி குடிக்கப் போகும்போ குடை எடுத்துக்கோ, கேட்டியா” என்றார். அந்தக் குரல் பேசியது அதோடு சரி.

ஆள் பிழைத்துக்கொண்டார். கழுத்தில் போட்ட துளைவழியாக மூச்சு விடுகிறார். கடையில் விரலைக் காட்டி விலை பேசுகிறார்.

கடைசி வார்த்தையாக வேறு ஏதாவது கனமாக எழுதலாமே என்று நாச்சியாரிடம் கேட்டேன். “நீங்க எப்படி வேணும்னாலும் எழுதுங்க. அவரு சொன்னது அதுதான்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் செய்தது சரியா? சிவகாமியம்மாள் இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நயினாரோ பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவளைக் கும்பிடுகிறார். இரண்டையும் ஒரே முடிவுக்குள் அடக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். அந்தக் குடையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.