மேற்கே பார்த்து

வால்ரூஸைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவன் யாங்கோனின் இந்த அலோன் பேட்டையில் வேறு எவனும் இல்லை. பிரான்சின் ஓரத்தில் மலைக்குள் கிடக்கிற ஊர். நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு சர்ச், ஓர் ஆறு, மூடிக்கிடக்கும் சுங்கச்சாவடி. ஏதோ ஒரு ராஜாவிடம் இருந்து பிரான்சுக்குப் போய், யுத்தத்தில் இத்தாலிக்காரன் பிடித்து, மறுபடி பிரான்சுக்கே வந்தது. எல்லைக்கல்லை எத்தனை தடவை பிடுங்கி நட்டார்கள் என்றுகூடச் சொல்வேன். என்ன பிரயோசனம்? படிக்க வேண்டிய நேரத்தில் படிக்கவில்லையே, மடையன்.

என் மகன் யாசர் அங்கேதான் அடங்கியிருக்கிறான். ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நான்தான் அவனை விரட்டாத குறையாக யாங்கோனை விட்டு அனுப்பினேன். எங்கெங்கோ சுற்றி, ஜனவரிப் பனியில் இத்தாலிப் பக்கமிருந்து மலையேறியவன், வால்ரூஸின் விளக்குகள் தெரிகிற தூரத்தில் விறைத்துப் போனான். சட்டைப்பையில் என் நம்பர் இருந்தது.

அந்த ஊர் அலுவலகத்துப் பெண் போனிலேயே மொழிபெயர்த்துத் தமிழில் எழுதிக் கேட்டாள்: “உங்கள் மதப்படி உடலின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும்?” அங்கே விசாரிக்க ஒரு முஸ்லிம்கூட இல்லையாம். நல்ல பெண்.

ஐம்பத்தெட்டு வருஷமாக மேற்கே பார்த்துத் தொழுகிறவன் நான். வாப்பா பிறந்த கீழக்கரையிலும் மக்கா மேற்குதான், இங்கேயும் மேற்குதான். பள்ளியில் தொழுகை வரிசை கோணினால், ஐயா என்பதுபோல ‘ஊ’ சேர்த்து “ஊ கபீர் பார்க்கிறார்” என்று என் பேரைச் சொன்னாலே தானாக நேராகிவிடும். அப்பேர்ப்பட்டவன் யாரைக் கேட்பேன்? “மேற்கு” என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகுதான் அவன் கிடக்கும் ஊரைப் பார்ப்போமென்று போனில் வரைபடத்தை விரித்தேன். வால்ரூஸில் விரலை வைத்து மக்காவைத் தேடினேன். விரல் கிழக்கும் தெற்குமாக இறங்கிப் போனது. என் பிள்ளையை மக்காவுக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்துவிட்டேன்.

மாற்றி வைக்க முடியுமா என்று எழுதினேன். கபுருக்குழியைத் திறக்க ரத்த சொந்தம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓடிப்போனவனின் தகப்பனுக்கு இங்கே எவன் பாஸ்போர்ட் கொடுப்பான்? மிங்கலாடோன் விமான நிலையத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பெற்றவள் உம்மு சல்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. தொழுகைப் பாயை விரிக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

“என்னங்க, புள்ளய மேற்கே பாத்துத்தானே வச்சாங்க?”

“ஆமா புள்ள. நேர் மேற்கே.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று மேற்கே திரும்பி நின்று தொழ ஆரம்பிக்கிறாள். எனக்கு அந்தத் திசையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.