சீழணுக்கள்: அக்கா திருத்திய பிரதி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் அக்கா தூக்கிக் கொடுத்தது.

"காதல் கதையா எழுதித் தள்றியே, ஒரு தடவை உருப்படியா எதையாவது எழுதுடா" என்றாள்.

உருப்படி என்று அவள் சொன்னது தன்னுடைய கருக்குழாயை. சொந்த அக்காவின் கருக்குழாயைப் பற்றி எழுதும் முதல் தம்பி நானாகத்தான் இருப்பேன். சங்கடமாக இருக்கிறது. உங்களுக்கும் இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்; அடுத்த பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கக்கூடும்.

2

முதல் தொடக்கம்: "கோட்டை வாசலில் பகைவர் வந்து நின்றனர். வெண்ணிறச் சிப்பாய்கள் வாளை உருவிக்கொண்டு..."

அக்கா சிவப்புப் பேனாவால் அடித்தாள். "இது சீழுடா. சிப்பாய் கிப்பாய்னு அலங்காரம் பண்ணாத."

இரண்டாவது: "அன்று அவள் துயரத்தின் விளிம்பில்..."

"எந்த விளிம்பு? நான் அன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. அலங்காரம் கிடையாது.

3

அக்கா ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தம், சளி, சிறுநீர் என்று ஊரார் உடம்பிலிருந்து எடுப்பதெல்லாம் அவள் மேசைக்கு வரும். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. அடிவயிற்றில் மந்தமாக ஒரு வலி வந்து வந்து போனதால், மாடியில் இருந்த மகப்பேறு மருத்துவரிடம் காட்டினாள். அவர் கருப்பை வாயில் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கீழே அனுப்பினார். அரை மணி நேரத்தில் அது அக்காவின் மேசைக்கே வந்தது. சீட்டில் அவள் பெயர். வேறு யார் கண்ணிலும் படவேண்டாமென்று அவளே சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள்.

"வட்டம் பூரா பஸ் செல்*. எண்ணவே முடியல. ஆனா கிருமி ஒண்ணுகூடக் கண்ணுல படல."

(*சீழணுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். நான் வெகுநேரம் பேருந்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.)

[இங்கே ஒரு சின்னக் கட்டுரை. விருப்பமில்லாதவர்கள் தாண்டலாம். அக்கா விளக்கியது இது: உடம்பில் மற்ற இடங்களில் வெளி ஆள் எவன் வந்தாலும் விரட்டிவிடலாம். கருப்பையில் அது நடக்காது. விந்தணுவே வெளி ஆள்தான். குழந்தையும் பாதி வெளி ஆள். இவர்களை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பிடிக்க வேண்டும். அதற்கென்று கருப்பைச் சுவரிலேயே தனிக் காவல் இருக்கிறது. கிருமி வந்ததும் அது ஆள் கூப்பிடும்; வெள்ளணுக்கள் வந்து குவியும்; சீழணு என்பது இவைதான். அவை கக்கும் ரசாயனம் கிருமியையும் தாக்கும், சுவரையும் அரிக்கும். புண் ஆறும்போது தழும்பு விழும். கருக்குழாயோ ரொம்பக் குறுகலானது.]

4

மருத்துவர் எடுத்த இன்னொரு பஞ்சுக்குச்சி பெரிய பரிசோதனைக் கூடத்துக்குப் போனது; முடிவு கிருமியின் பெயரோடு வந்தது. உடலுறவில் தொற்றுவது. பெரும்பாலும் சத்தமே போடாது. இருவரும் ஏழு நாள் மாத்திரை போடவேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே. நான் எதுக்குப் போடணும்?"

அக்கா வாதாடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் அவரைக் கூடத்துக்கு வரச்சொல்லிக் கையில் சிறுநீர் பிடிக்க ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தாள். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் சீழணுக்கள்.

"இதெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதான்."

அவர் கண்ணை எடுக்காமலேயே கேட்டார்: "யார்கிட்டேருந்து வந்துச்சு?"

(இந்த இடத்தில் மாமாவை வில்லனாக்கத் திட்டமிட்டிருந்தேன். மெல்லிய மீசைகூட வைத்திருந்தேன். அக்கா விடவில்லை. "நடந்ததை எழுது" என்றாள்.)

"தெரியல" என்றாள் அக்கா. "என்கிட்டேருந்தும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒருத்தர் இருந்தாரு."

அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"எழுதுடா."

"எழுதணுமா?"

"அது இல்லாம என்ன கதை?"

5

மாமா மூன்று நாள் பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா கூடத்தில் ஒரு பரிசோதனை முடிவைத் தப்பாக எழுதி, நல்லவேளையாகத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். தனியாக ஒரு வீடு பார்க்கலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

நான்காம் நாள் காலை அவர் கையை நீட்டினார்.

"மாத்திரை எங்க?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் விழுங்கவில்லை.

"நானும் ஒருத்தங்க கூட இருந்தேன். வெளியூர்ல வேலை பார்த்தப்ப."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கேள்வி கேட்டவனே நான்தானே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

ஏழு நாளும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விழுங்கினார்கள். என்ன மாத்திரை என்று அக்காவின் மாமியார் கேட்டதற்கு, "பூச்சி மாத்திரை" என்றார் மாமா. அது முழுப் பொய்யும் இல்லை. மாமியார் தனக்கும் ஒன்று கேட்டார்.

6

பிறகு சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் வலது குழாய் திறந்திருந்தது; இடது அடைத்திருந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கிருமியா அடைச்சது?" என்று மாமா கேட்டார்.

"அதை விரட்ட வந்ததுதான் அடைச்சது" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ("இதை எடுத்துடு" என்றாள் அக்கா. எடுக்கவில்லை.)

7

எழுதி முடித்ததும் அக்கா படித்தாள்.

"'பாவம்'னு எத்தனை இடத்துல எழுதியிருக்க?"

"மூணு."

"மூணையும் எடு."

எடுத்துவிட்டேன்.

இனி முடிவு. இரட்டைக் குழந்தை என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். தத்தெடுப்பதாக இன்னொன்று. கண்ணீரோடு ஒரு... வேண்டாம், அதைக் கிழித்துவிட்டேன். உண்மையில் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் சொல்லப்போவதில்லை. குழந்தை உண்டா, குழந்தை உண்டா என்று அக்காவைக் கேட்காத ஆள் இல்லை. நீங்களாவது அவளிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.